"யோசிக்காதே" என்னும் உபதேசம்

அஞ்சுவதற்குத் தகுந்த காரணம் இருக்கும்போது மனத்தை அமைதிப்படுத்திக்கொள்வது அறமாகுமா, அடிபணிவாகுமா? கேள்வி புதியதன்று. துன்பம் சூழ்ந்தவனைப் பார்த்து "கலங்காதே" என்று சொல்லாத சமயமில்லை, தத்துவமும் இல்லை. இன்று அந்த உபதேசத்தைச் சமயகுருமார் மாத்திரமன்றிப் பயிற்சிப் பட்டறை நடத்துவோரும், தொண்டு நிறுவனத்தாரும், கைத்தொலைபேசியின் சிறு திரையும் ஓயாது செய்து வருகின்றனர். மூச்சை நிதானமாக இழுத்து விடுக, நாளையை எண்ணாதிருக்க, உமது மனம் உமது கையிலேயே உளது என்கின்றனர். இதனை முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட நாம் தயாராக இல்லை. முற்றிலும் மெய்யென்று கொள்ளவும் நம்மால் இயலவில்லை. யார், யாருக்கு, எந்நிலையில் நின்று சொல்கிறார் என்பதை வைத்தே அதன் பெறுமதியை அளத்தல் வேண்டும் என்பது நமது கருத்து. அக்கருத்தைப் புத்தளம் மாவட்டத்துக் கரையோர மக்களின் வாழ்வை முன்வைத்து ஆராய விரும்புகிறோம்.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். மனத்தை அரிக்கும் இந்நிலையை மருத்துவ நூலார் பதகளிப்பு என்பர். மக்களோ அப்படிச் சொல்வதில்லை. "ஒரே யோசனையாய் இருக்கு" என்பர்; "அந்தரமாய் இருக்கு" என்பர்; நெஞ்சு படபடக்கிறது, பெருமூச்சு வருகிறது, நித்திரை இல்லை என்பர். இவற்றுள் 'யோசனை' என்னும் சொல் கருத்திற் கொள்ளத்தக்கது. நமது பேச்சுவழக்கில் அது சிந்தனையையும் குறிக்கும், கவலையையும் குறிக்கும். ஆதலால் ஒருவரைத் தேற்றும்பொருட்டு "ஒன்றுக்கும் யோசிக்காதே" என்று சொல்லும்போது, கவலைப்படாதே என்பதோடு சிந்திக்காதே என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. சொல்லுபவர் இரண்டாவதைக் கருதியிருக்கமாட்டார். எனினும் நாம் எடுத்துக்கொண்ட பிரச்சினை முழுவதும் அச்சொல்லின் இவ்விரு பொருள்களுக்கிடையேதான் கிடக்கிறது. சிந்தனையைக் கைவிடாமற் கவலையைத் தணித்தல் கூடுமா என்பதே கேள்வி.

ஐரோப்பியத் தத்துவம் இந்நிலையை ஆழ்ந்து ஆராய்ந்துளது. டென்மார்க்கைச் சேர்ந்த கீர்க்ககார்ட் 1844இல் பதகளிப்பைப் பற்றித் தனிநூலே எழுதினார். அச்சத்துக்குக் குறித்த பொருளொன்று உண்டு, பதகளிப்புக்கு அப்படியொன்று இல்லை என்று அவர் பிரித்துக் காட்டினார். தன் முன் விரிந்து கிடக்கும் தெரிவுகளை நோக்கும் சுதந்திர மனிதனுக்கு நேரும் தலைச்சுற்றல் போன்றது அது என்பது அவரது விளக்கம். நுட்பமான விளக்கமே. ஆனால் களப்பின் கரையில் நின்று பார்க்கும்போது அது பாதிதான் பொருந்துகிறது. இங்குள்ள மீனவனின் நெஞ்சு படபடப்பது தெரிவுகள் மிகுந்திருப்பதால் அன்று. தன் வாழ்வைப் பற்றிய தெரிவுகளை வேறெவரோ செய்துவிடுவதால். அவனது அச்சத்துக்கும் பொருள் உண்டு. ஆனால் அப்பொருள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரிவதில்லை.

இக்கரையோரத்தின் அமைப்பைச் சற்றே நோக்குவோம். ஒருபுறம் கடல்; மறுபுறம் இலங்கையின் பெருங் களப்புகளுள் ஒன்றான புத்தளக் களப்பு; இரண்டுக்கும் இடையே கற்பிட்டித் தீபகற்பம். முஸ்லிம்களும், கத்தோலிக்கரும், இந்துக்களும், பௌத்தர்களும், தமிழும் சிங்களமும் பேசிக்கொண்டு அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களிற் கடல் அடைத்துக்கொள்ளும், தொழில் படுத்துவிடும். உப்பளத்தில் வேலை செய்வோருக்கு மழையே பகை. 2025ஆம் ஆண்டு மே மாதத்திற் காலந்தவறிப் பெய்த மழை புத்தளத்து உப்பைக் கரைத்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. இவை இயற்கையின் நிச்சயமின்மை. இதனோடு பழகும் வழியை முன்னோர் ஓரளவுக்குக் கண்டிருந்தனர்.

மனிதர் உண்டாக்கிய நிச்சயமின்மையோ வேறுவகையானது. 1980களிற் களப்பின் ஓரத்துக் கண்டல் மரங்களை வெட்டி இறால் பண்ணைகள் அமைத்தனர். 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. குளங்கள் பல கைவிடப்பட்டன. வெட்டிய கண்டல் திரும்பவில்லை. நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை கட்டங்கட்டமாக அனல்மின் நிலையம் எழுந்தது. தலா 300 மெகாவாற் திறனுடைய மூன்று அலகுகள். நாடு முழுவதற்கும் வெளிச்சம் தரும் அந்நிலையத்தின் நிலக்கரித் தூசும் சாம்பலும் விழுவது அயலிலுள்ள தோட்டங்களின்மீது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஓரிரவிலே மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பொழுது விடிந்தபோது கடலும் அதே கடல், மீனும் அதே மீன். கடலுக்குப் போவதற்கான கணக்கு மட்டும் மாறிவிட்டது. அன்றிரவு நித்திரை வராத மீனவனைப் பார்த்து, "உன் மனம் உன் கையில் உளது" என்று சொல்வது பொருந்துமா?

ஆயினும் அவன் மறுநாள் எழுந்திருக்கிறான். ஏதோ ஒன்று அவனை எழுப்பி விடுகிறது. அது யாது என்பதை ஆராயாமல் அவனது வாழ்வைப் பற்றிப் பேச நமக்குத் தகுதியில்லை.

உடப்பு முதலிய ஊர்களிற் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றையோர் ஒருமித்து எடுத்துப் பாடுவர். அதன் முதற்பயன் தொழில் சார்ந்தது: பல கைகள் ஒரே கணத்திற் கயிற்றை இழுக்க வேண்டும், பாட்டு அக்கணத்தை வகுத்துத் தருகிறது. வலை கரைக்கு வந்து சேரும்வரை மடியில் மீன் உண்டா, வெறும் பாசியா என்பது எவருக்கும் தெரியாது. அந்த நெடு நேரத்தைத் தனித்தனி மனிதர் தனித்தனி அந்தரத்தோடு கழித்தால் கை சோர்ந்துவிடும். பாடும்போதும் நிச்சயமின்மை ஒழிவதில்லை. அதன் பாரம் பல தோள்களிற் பகிரப்படுகிறது. பங்கு பிரிக்கும்போது சம்மாட்டிக்கும் வலை இழுத்தவனுக்கும் வேறுபாடு உண்டென்பதைப் பாட்டு மறைத்துவிடாது. ஆனால் அந்தப் பங்கைப் பற்றிக் கேட்கத் துணிபவர்களும் அதே கயிற்றிற் கைவைத்து ஒருமித்து இழுத்துப் பழகியவர்களே.

பெண்களின் வழி வேறு. வீட்டுக்குள் இருந்தபடியே அவர்கள் சீட்டுப் பிடிக்கின்றனர். மாதந்தோறும் சிறு தொகை கட்டி, முறைவைத்து ஒருவர் எடுப்பர். ஒருத்தியின் வீட்டிற் சாவோ பேறோ நேர்ந்தால் முறையை விட்டுக்கொடுப்பர். எழுத்தில்லை, சட்டமில்லை, நம்பிக்கை ஒன்றே பிணை. இதனோடு நுண்கடன் குழுக்களை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அவையும் பெண்களின் குழுக்களே. அவற்றிலும் ஒருத்திக்காக மற்றையோர் பொறுப்பேற்பர். ஆனால் தவணை தவறினால், அயல்வீட்டுக்காரியே கடன் வசூலிப்பவளாக வந்து வாசலில் நிற்பாள். ஒரே உருவமுடைய இரு கூட்டங்களில் ஒன்று நம்பிக்கையைப் பங்கிடுகிறது, மற்றையது அச்சத்தைப் பங்கிடுகிறது. 2018இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பட்ட ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை நீக்க அரசாங்கம் முன்வந்தது. பல பெண்கள் தம் துயரைத் தனித்தனியாக விழுங்காமற் பொதுவிற் சொல்லத் தொடங்கியதன் பின்னரே அந்த அளவேனும் நடந்தது.

இனி வழிபாடு. நெஞ்சு படபடப்பென்றால் லெப்பையிடம் போய்த் தண்ணீர் ஓதிக் குடிப்பர்; பிள்ளைக்கு நூல் கட்டுவர். தலவில அன்னம்மாள் ஆலயத்துக்கு நேர்த்தி வைத்து மார்ச்சிலும் ஓகஸ்டிலும் பல்லாயிரவர் திரள்வர். அவர்களிற் கத்தோலிக்கர் அல்லாதாரும் உளர். உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீ மிதிப்பர். நேர்த்தி வைத்தவன் தன் கட்டுக்கடங்காத அச்சங்கள் அனைத்தையும் குறித்த ஒரு நாளில், குறித்த ஓரிடத்தில், ஊரார் கண்முன்னே கடந்து முடிக்கிறான். நெருப்பைக் கடந்தபின் கடன் தீர்வதில்லை. ஆனால் அவன் தன்னைக் கோழையென்று இனி எண்ணமாட்டான்.

இவற்றைக் குறித்து முற்போக்காளராகிய நாம் என்ன சொல்லி வந்தோம்? மூடநம்பிக்கை என்றோம், அபின் என்றோம். அபினைப் பற்றிக் கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதியதை மேடைதோறும் எடுத்துக்காட்டினோம். ஆனால் அதே இடத்தில் அதற்குச் சற்று முன்னர், சமயத்தின் துயரம் மெய்யான துயரத்தின் வெளிப்பாடு என்றும் அதற்கு எதிரான முறையீடு என்றும் அவர் குறிப்பிட்டதை நம்மிற் பலர் படிக்கவில்லை; படித்தோரும் சொல்லவில்லை. அக்காலத்தில் அபின் மருந்துக்கடையில் விற்கப்பட்ட வலிநீக்கி என்பதையும் மறந்தோம். வலிநீக்கியைப் பிடுங்கி எறிவதற்கு முன்னர் வலிக்குக் காரணமான புண்ணைக் கவனிக்கும் கடமை உண்டன்றோ? அந்தக் கடமையைச் செய்யாமற் பகுத்தறிவு பேசியவர்களை மக்கள் மரியாதையோடு கேட்டுவிட்டு, ஓதிய தண்ணீரைக் குடிக்கவே போயினர். குற்றம் அவர்களுடையதன்று.

நபிகள் நாயகத்தின் பெயரால் வழங்கும் ஒரு செய்தி இங்குள்ள சிறுவர்க்கும் தெரியும். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்புவதா, கட்டிவிட்டு நம்புவதா என்று ஒருவர் வினவியபோது, முதலிற் கட்டிவிட்டுப் பின்னர் நம்புமாறு அவர் பணித்தார் என்பது அச்செய்தி. திருவள்ளுவரும் இடுக்கணழியாமையை 63ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முந்திய 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. முயற்சியைச் சொன்ன பின்னரே கலங்காமையைச் சொல்கிறார். அன்றியும் அவ்வதிகாரம் அமைந்திருப்பது பொருட்பாலின் அரசியலில். துன்பத்திற் கலங்காதிருக்கும்படி அவர் முதன்முதலாகக் கேட்டுக்கொள்வது ஆட்சிப் பொறுப்பு உடையவனையே. நாமோ அவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, ஆள்வோர் பதறிப் பதறி முடிவெடுக்க, ஆளப்படுவோர் கலங்காதிருக்க வேண்டும் என்கிறோம்.

யார் சொல்கிறார் என்பது ஏன் முக்கியமாகிறது? பழைய உரோமாபுரியில் ஸ்தோயிக்கர் எனப்பட்ட தத்துவவாதிகள் இருந்தனர். நம் வசத்தில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்தறிந்து, வசத்தில் இல்லாதவற்றுக்காகக் கலங்காதிருத்தலே ஞானம் என்பது அவர்களது கொள்கை. அதைப் போதித்தவர்களுள் இருவர் புகழ்பெற்றவர். ஒருவர் எபிக்டெட்டஸ், அடிமையாகப் பிறந்தவர். மற்றவர் மார்க்கஸ் ஒரேலியஸ், கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட பேரரசர். எபிக்டெட்டஸின் போதனையைப் படித்து மதித்தவர். கொள்கை ஒன்றே. எனினும் உடலும் உழைப்பும் பிறருக்குச் சொந்தமாக இருந்த ஒருவன், "என் மனமாவது என்னுடையது" என்று சொல்லும்போது எஞ்சியிருந்த ஒன்றை இழக்க மறுக்கிறான், அது எதிர்ப்பு. அடிமைகளை உடையவன் அதையே அடிமைக்குச் சொல்வானாயின், எஞ்சியவை அனைத்தும் தன்னிடமே இருக்கட்டும் என்கிறான், அது ஆணை. ஒரே வாக்கியம் பேசும் வாயைப் பொறுத்து அறமாகவும் அநீதியாகவும் மாறுகிறது. ஒருவரின் அச்சத்துக்குக் காரணமாக இருப்பவருக்கும், அக்காரணத்தால் நயம் பெறுபவருக்கும், அவரை அமைதிப்படுத்தும் உரிமை கிடையாது. காரணத்தை நீக்கும் கடமை மட்டுமே உண்டு.

இந்த அளவுகோலை நம்மீதே வைத்துப் பார்க்கும் நேர்மை வேண்டும். 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். அம்மாதம் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாக வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர்; அவர்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தையே அடைந்தனர். கரையோர மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். தங்கள் உலையில் அரிசியைக் கூட்டிப் போட்டனர். சில நாட்களுக்கென்று வேய்ந்த கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

அத்தலைமுறையின் பதகளிப்பு எத்தகையது? திரும்புவோமா, இங்கேயே இருப்போமா; வாக்காளர் இடாப்பில் எவ்வூரில் நம் பெயர்; நிவாரணம் அடுத்த மாதமும் வருமா; பிள்ளைக்கு எவ்வூரைத் தன் ஊரென்று சொல்லிக் கொடுப்பது. வந்தவர்கள் கற்பிட்டித் தீபகற்பத்து வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்குச் சென்றனர். நிவாரண அரிசி பெற்றவர்கள் ஆதலின் குறைந்த கூலிக்கு இசைந்தனர். உள்ளூர்க் கூலியாளின் வயிறு கலங்கியது. வேலையும், காணியும், கிணற்று நீரும், பாடசாலை இடமும் பறிபோகின்றன என்ற அச்சம் அவனிடத்தே எழுந்தது. கூலி குறைந்ததால் நயமடைந்தவர் தோட்டத்துச் சொந்தக்காரர். ஆனால் இரண்டு கூலியாட்களும் ஒருவரையொருவர் நோக்கியே அஞ்சினர். ஒரே மொழி, ஒரே மார்க்கம் ஆகியனவும் அதைத் தடுக்கவில்லை. அச்சம் மெய்யானதே. அது போய்ச் சேர்ந்த இடம்தான் பிழையானது.

அந்த ஆண்டுகளில் தமிழ் எழுத்தாளரும் ஆசிரியருமாகிய நாம் என்ன செய்தோம்? சிலர் துணிந்து கண்டித்தனர். அவர்களை நன்றியோடு நினைக்கிறோம். பெரும்பாலோர் வாய்திறக்கவில்லை. அதற்கும் அச்சமே காரணம் என்போம். துவக்கின் முன் அஞ்சியது இயல்பே. ஆனால் 2009இல் யுத்தம் முடிந்து, துவக்கு இல்லாது போன பின்னரும், "பழையதை யோசிக்காதீர்கள்" என்று அவர்களைப் பார்த்துச் சொன்னவர்கள் நம்மிடையே உண்டு. அதைச் சொல்ல நமக்கு உரிமையில்லை. மறதியை வேண்டுவோர் இழைத்தவரின் பக்கத்தில் நிற்கும்வரை அது ஆறுதலாகாது. மாறாக, வெளியேற்றம் குறித்து மக்கள் ஆணைக்குழு ஒன்று அம்மக்களின் வாக்குமூலங்களைப் பொறுமையாகக் கேட்டு 2011இல் அறிக்கை வெளியிட்டது. பறிகொடுத்ததை ஒரு பெண் பிறர் முன்னே சொல்ல, அது எழுதப்படுகிறது. காணி அதனால் மீளவில்லை. ஆயினும் அவளது நெஞ்சுக்குள் உருவமில்லாது சுழன்ற ஒன்றுக்கு நாளும், இடமும், செய்தவர் பெயரும் கிடைத்தன. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யுத்தம் மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றி 1998இல் நூல் எழுதினார். குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன, சேர்ந்தே ஆறவும் வேண்டும் என்பதைத் தொடர்ந்து வற்புறுத்தி வந்தார். நாம் கூறுவதும் அதனோடு ஒத்ததே. நோயாக முற்றிய பதகளிப்புக்கு மருத்துவமும் மருந்தும் வேண்டும். அதை எவரும் தடுத்தல் தகாது. ஆனால் மருத்துவர் தனியே ஆற்றிவிட முடியாத காயங்களும் உண்டு.

இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்கினால் நமது கருத்துத் தெளிவாகும். இரண்டும் இம்மாவட்டத்தில் ஓராண்டுக்குள் நிகழ்ந்தவை.

2017 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தலைநகரின் குப்பையை வனாத்தவில்லுப் பகுதியிலுள்ள அருவக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளிற் கொண்டுவந்து கொட்டும் திட்டம் துரிதப்பட்டது. ஒருபக்கம் வில்பத்துக் காடு, மறுபக்கம் களப்பு. நிலத்தடி நீர் கெடும், மீன் சாகும் என்று மக்கள் அஞ்சினர். அந்த அச்சத்தை அவர்கள் வீடுகளுக்குள் வைத்திருக்கவில்லை. 2018 செப்டெம்பர் இறுதியிற் புத்தளம் நகரில் சாத்வீகப் போராட்டம் தொடங்கி நூறு நாட்களைக் கடந்தது. பள்ளிவாசலாரும், குருவானவர்களும், பிக்குமாரும், மீனவரும், ஆசிரியரும், பெண்களும் ஒரே பந்தலில் அமர்ந்தனர். குப்பை எங்கிருந்து வருகிறது, யார் முடிவெடுத்தார், எந்த அறிக்கை என்ன கூறுகிறது என்று படித்தனர், வாதித்தனர். இது வேறுவகை யோசனை. அவர்கள் வென்றனரா? இல்லை. 2019 ஓகஸ்டிற் குப்பை வந்தது. ஆனால் அப்பந்தலில் இருந்தவர்கள் எவரும் தம் அயலானைப் பார்த்து அஞ்சவில்லை.

அப்போராட்டத்தின் சூடு ஆறுமுன்னரே 2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த மக்களின் அச்சத்தையும் துயரத்தையும் எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் மூன்று கிழமைகளுக்குள், மே 12இற் சிலாபத்தில் முகநூற் பதிவொன்றைச் சாட்டாகக் கொண்டு முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் வடமேற்கு மாகாணத்திற் பல ஊர்கள் எரிந்தன. இம்மாவட்டத்துக் கொட்டாரமுல்லையிலே ஒருவர் தம் வீட்டிற் கொல்லப்பட்டார். கொலை செய்த குழுவோடு எத்தொடர்பும் இல்லாத தையற்காரரும், கடைக்காரரும், மீன் வியாபாரியும் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனர். அச்சத்துக்கு விடை கண்டுவிட்டதாக எண்ணித் திரண்ட கூட்டம், அயல்வீட்டில் புதிய அச்சத்தை உண்டாக்கிற்று. 1990இல் ஓர் இயக்கம் தன் சந்தேகத்துக்கு ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்கியதும் இவ்வாறே.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? பதகளிப்பு தனிமனிதனின் சொந்த விவகாரமன்று. அடக்கி வைத்தாலும் அது எங்காவது போய்ச் சேரும். பொருள் தெரியாத அச்சத்தை எவனாவது ஒருவன் வந்து கையேற்று, "இதோ உன் எதிரி" என்று அயலானைச் சுட்டிக் காட்டுவான். அவ்வாறு காட்டுபவனுக்குக் கேட்போர் எப்போதும் உண்டு. ஏனெனில் பிழையான விடையும் விடையில்லாத நிலையைவிட நெஞ்சுக்கு இலேசாக இருக்கிறது. ஆதலாலேயே ஒவ்வோர் ஆறுதலையும் நாம் சோதிக்க வேண்டியிருக்கிறது. சோதனை எளியது. இந்த ஆறுதலைப் பெற்ற பின்னர் மனிதனுக்குத் தன் துன்பத்தின் காரணம் முன்னிலும் தெளிவாகத் தெரிகிறதா, மங்குகிறதா? பக்கத்தில் இருப்பவன் அவனுக்கு நெருங்கி வருகிறானா, விலகிப் போகிறானா?

இந்தச் சோதனையில் அம்பாவும் சீட்டும் தேறுகின்றன. ஓதிய தண்ணீரும் நேர்த்தியும், அவை மனிதனை ஊராரோடு சேர்த்து நிமிர்த்தும் அளவுக்குத் தேறுகின்றன. எல்லாம் விதி என்று படுத்துவிடச் சொல்லும் இடத்தில் தோற்கின்றன. கசிப்புக் குடித்து உணர்வை மழுங்கடிப்பதும், விடியும்வரை தொலைபேசித் திரையில் வெறுப்பைத் தின்பதும் தோற்கின்றன. கூலியையும் காணியையும் பற்றிப் பேசாமல் மூச்சுப் பயிற்சியை மாத்திரம் கற்பித்துப் போகும் பட்டறையும் தோற்கிறது. மூச்சுப் பயிற்சி தீதென்பதால் அன்று, மற்றையதைப் பேசவிடாமற் செய்துவிடுவதால்.

நிலைமைகளை மாற்றினால் மனங்கள் எவ்வளவு காக்கப்படும் என்பதற்கு நமது நாட்டிலேயே பெருஞ் சான்று உண்டு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓரிலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்ற கணக்கில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை 1995 முதற் படிப்படியாகத் தடைசெய்தனர். இருபது ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. இக்காலத்தில் யுத்தமும் ஆழிப்பேரலையும் வந்தன. மக்களின் துயரம் குறைந்துவிட்டதென்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் கொடிய ஒரு கணத்திற் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமையால், அந்தக் கணத்தைத் தாண்டியவர் பல்லாயிரவர். தாண்டியோரிற் பெரும்பாலோர் வாழவே விரும்பினர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போய்த் தைரியம் கொள்ளும்படி உபதேசித்திருந்தால் இது நடந்திராது. சமுதாயம் தன் கையைச் சற்று அசைத்ததாற் காப்பாற்றப்பட்டவர்கள் அவர்கள்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் வாசகர்க்கு இது வெறும் தத்துவ விசாரணையன்று. கடற்கரைப் பாடசாலையொன்றில், கடைசி வாங்கில் உட்கார்ந்து யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தினமும் சந்திப்பவர்கள் நீங்கள். அவனது தகப்பன் நேற்றிரவு கடலிலிருந்து வெறும் வள்ளத்தோடு வந்திருக்கலாம். தாய் தவணைக்காரனுக்குப் பயந்து பின்வளவில் ஒளித்திருக்கலாம். அவன் உள்ளங்கை வியர்த்திருந்தால், முதலில் அருகிற் சென்று தோளைத் தொடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அது சிறிய காரியமன்று. நடுங்கும் கையாற் பேனையைப் பிடிக்க முடியாது. அதை அமர்த்துவது அடிபணிவுமன்று. அதன் பின்னர் அவனிடம் கேளுங்கள்: மண்ணெண்ணெயின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? குறைந்த கூலியால் யாருக்கு இலாபம்? பக்கத்து வாங்கில் இருப்பவனின் வீட்டில் அடுப்பு எரிந்ததா?

"ஒன்றுக்கும் யோசிக்காதே, மகன்" என்றுதான் நமது நாக்குக்குச் சொல்ல வருகிறது. அன்பினால் வரும் சொல்தான். கவலைப்படாதே என்ற அளவில் அது நிற்கட்டும். ஆனால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டால், அவனைப் பயமுறுத்தியவர்கள் விரும்புவதையே நாமும் சொன்னவர்களாவோம். ஆகவே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "வா, சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லப் பழகுவோமாக.